நார்வேயின் நாற்பது சதவீதச் சட்டம்

2002 பிப்ரவரியில் நார்வேயின் வணிக அமைச்சர் அன்ஸ்கார் கேப்ரியல்சன் ஒரு நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார். பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களில் ஆண்களே நிறைந்திருந்தது போதும், இனி நாற்பது சதவீதமாவது பெண்கள் இருக்க வேண்டும், தாமாகச் செய்யாவிட்டால் சட்டம் வரும் என்றார். சக அமைச்சர்களிடம் அவர் முன்கூட்டி இதைச் சொல்லியிருக்கவில்லை! இத்தனைக்கும் அவர் பெண்ணுரிமை இயக்கத்தவரோ இடதுசாரியோ அல்ல, கன்சர்வேடிவ் கட்சிக்காரர்.

நார்வே அரசியலில் பெண்கள் முன்னேறிய நாடுதான். 1986-லேயே குரோ ஹார்லெம் புருன்ட்லாண்ட் அமைச்சரவையில் 18 பேரில் 8 பேர் பெண்கள். ஆனால் பப்ளிக் லிமிடெட் கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களில் 2002-ல் பெண்கள் சுமார் 6 சதவீதமே. பாராளுமன்றத்தில் திறந்த கதவு, கம்பெனிகளில் திறக்கவே இல்லை.

முதலாளிகள் எதிர்த்தார்கள். பணம் போட்டவன் தனக்கு வேண்டியவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாதா என்பது ஒரு கேள்வி. தகுதியான பெண்கள் அத்தனை பேர் எங்கே என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் நியாயம் உண்டு. இரண்டாவதற்குப் பதில் சொன்னது முதலாளிகள் சங்கமேதான்! சட்டத்தை எதிர்த்துக்கொண்டே, இயக்குநராகத் தகுந்த பெண்களைத் தேடிப் பயிற்சி தரும் திட்டத்தை 2003-ல் அதுவே தொடங்கியது.

2003 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. 2005 ஜூலைக்குள் கம்பெனிகள் தாமாகவே இலக்கை எட்டினால் சட்டம் அமலாகாது என்பது ஏற்பாடு. எட்டவில்லை. எனவே 2006 ஜனவரி முதல் கட்டாயமானது. பழைய கம்பெனிகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். அதற்கும் பணியாவிட்டால்? கோர்ட் கம்பெனியையே கலைத்துவிடலாம். சட்டப்படி இயக்குநர் குழு அமைக்காத எந்தக் கம்பெனிக்கும் ஏற்கெனவே இருந்த தண்டனைதான் இது. கடைசியில் எந்தக் கம்பெனியும் கலைக்கப்படவில்லை. பயமே போதுமாக இருந்தது. 2008-ல் நாற்பது சதவீதம் எட்டப்பட்டது.

இந்தத் தண்டனையின் அருமை மற்ற நாடுகளைப் பார்த்தால் விளங்கும். ஸ்பெயின் 2007-ல் இதே நாற்பது சதவீதத்தைச் சட்டத்தில் எழுதியது, தண்டனை எதுவும் வைக்கவில்லை. குறித்த 2015-க்குள் இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. இந்தியாவின் 2013 கம்பெனிச் சட்டம் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றது. பல குடும்பக் கம்பெனிகள் முதலாளியின் மனைவியையோ மகளையோ உட்கார வைத்துக் கணக்கை முடித்தன.

நார்வேயிலும் எல்லாம் கைகூடிவிடவில்லை. சில பெண்கள் மட்டும் பல குழுக்களில் ஒரே நேரத்தில் இடம்பெற, 'தங்கப் பாவாடை' என்று கேலிப் பெயர் விழுந்தது. 2019-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வின்படி, புதிதாக வந்த பெண் இயக்குநர்கள் முன்பிருந்த பெண்களைவிடத் தகுதி கூடியவர்கள். ஆனால் அதே கம்பெனிகளில் கீழே வேலை பார்த்த பெண்களுக்கு அதனால் குறிப்பிடத்தக்க பலன் கிடைத்ததாகத் தெரியவில்லை. தகுதியான பெண்கள் இல்லை என்ற வாதம் பொய்த்தது. மேலே மாறினால் கீழே தானாக மாறும் என்ற நம்பிக்கையும் பலிக்கவில்லை.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. பிரைவேட் லிமிடெட்டாக மாறி அதிலிருந்து நழுவிய கம்பெனிகள் உண்டு. 2023 டிசம்பரில் நார்வே பாராளுமன்றம் பெரிய, நடுத்தர பிரைவேட் கம்பெனிகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2024 இறுதியில் தொடங்கி 2028 வரை படிப்படியாக அமலாகும் என்பது ஏற்பாடு.