நீல அட்டைப் புத்தகம்

படைஞன் ஒருவன் கற்க வேண்டிய நூல் எது என்று வினவினால், வியூக வகைகளையும் போர்த் தந்திரங்களையும் விரித்துரைக்கும் நூல்களையே பலரும் சுட்டுவர். ஆனால், 1779-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைக்கென அச்சான சிறு நூல் ஒன்று, புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்கு முதற்கண் கற்பிப்பது பகைவனைக் கொல்லும் வகையன்று. உடுப்பை ஒழுங்காக அணிதல், மூட்டையை அடுக்குதல், துப்பாக்கியைத் துலக்குதல், துணி துவைத்தல், தன் உணவைத் தானே சமைத்தல் ஆகியவையே அதன் அரிச்சுவடி. இந்நூலின் வரலாறு தமிழாசிரியர்க்கும் சுவை பயப்பதாகும்; ஏனெனில், இதனை இயற்றியவர் தம் மாணவர் பேசிய மொழியை அறியாதவர்!

அவர் பெயர் ஸ்டூபன். 1730-இல் மாக்டபர்க் நகரிற் பிறந்த ஜெர்மானியர். பிரஷ்ய மன்னர் பிரெடரிக்கின் படையில் ஏழாண்டுப் போரிற் பணியாற்றி, 1763-இல் கேப்டன் என்னும் அளவிலேயே விலக்கப்பட்டவர். 1777-இல் பாரிஸ் மாநகரில் பெஞ்சமின் பிராங்க்ளின் முதலானோர் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, பிரஷ்யப் படையின் லெப்டினன்ட் ஜெனரல் என்று அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தனர். இது பொய்யே, பெரியோர் செய்தனர் என்பதற்காக இதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், பொய்ப் பட்டத்தோடு வந்தவர் மெய்யான வேலையைச் செய்தார்.

1778 பிப்ரவரியில் அவர் சென்று சேர்ந்த இடம் பென்சில்வேனியாவில் உள்ள வேலி ஃபோர்ஜ் பாசறை. ஜார்ஜ் வாஷிங்டனின் படை, பனிக்காலத்தைக் கழிக்க அங்குத் தங்கியிருந்தது. ஏறத்தாழ 12,000 பேர் புகுந்த அப்பாசறையில் ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். அங்குப் போர் எதுவும் நிகழவில்லை என்பதை நினைவிற் கொள்க. அவர்களைக் கொன்றவை காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் போன்ற நோய்களே. பயிற்சியிலோ ஒருமையில்லை. ஒரு பிரிவார் 1764-ஆம் ஆண்டின் ஆங்கிலேய முறையைப் பின்பற்ற, வேறொரு பிரிவார் 1775-இல் பிக்கரிங் எழுதிய நூலைப் பின்பற்றினர். ஒருவர் பின் ஒருவராக நீண்ட வரிசையிற் செல்லும் வழக்கத்தால், முன்னணி களம் புகுந்தும் பின்னணி வந்து சேராது. பயனெட் என்னும் முனைக்கத்தியோ இறைச்சி வாட்டும் கம்பியாகவே பெரிதும் பயன்பட்டதாம்.

ஸ்டூபன் ஏறத்தாழ நூறு பேரைத் தெரிந்தெடுத்து, துப்பாக்கியைத் தாமே கையில் ஏந்திப் பயிற்றத் தொடங்கினார். சிப்பாய்களைப் பழக்குவது சார்ஜெண்டின் வேலை, மேலதிகாரிக்கு இழுக்கு என்று எண்ணியிருந்தோர்க்கு இது வியப்பாயிற்று. இரவில் அவர் பிரெஞ்சு மொழியிற் பாடம் எழுதுவார். செயலாளர் டுபொன்சோ ஆங்கிலமாக்குவார். லாரன்சும் ஹாமில்டனும் திருத்துவர். பின்னர்க் கையாற் படியெடுத்துப் படைப்பிரிவுகட்கு அனுப்புவர். சினம் மிகுந்தபோது தெரிந்த மொழிகளிலெல்லாம் வைதுவிட்டு, அவை போதாமையால், ஆங்கிலத்தில் வையுமாறு உதவியாளர் வாக்கரை வேண்டுவார் என்றும் கூறுவர். மொழி தெரியாத இந்த ஆசிரியர் ஒன்றை மட்டும் விரைவிற் கண்டுகொண்டார். ஐரோப்பியச் சிப்பாய்க்கு ஆணையிட்டாற் போதும். அமெரிக்கனுக்கோ, இன்ன காரணத்தால் இதனைச் செய்க என்று விளக்கியாக வேண்டும். தம் பழைய நண்பர் ஒருவர்க்கு அவர் எழுதிய மடலின் கருத்து இது.

அடுத்த பனிக்காலத்தில் பிலடெல்பியா நகரில் அப்பாடங்கள் நூலாயின. ஸ்டூபனின் கரடுமுரடான பிரெஞ்சை ஃபிளூரி என்னும் பிரெஞ்சு அதிகாரி செப்பனிட்டார், டுபொன்சோ மொழிபெயர்த்தார், வாக்கர் ஆங்கில நடையைத் திருத்தினார், லான்ஃபான் படங்கள் வரைந்தார். பின்னாளில் வாஷிங்டன் நகரையே வரைந்து வகுத்தவர் இந்த லான்ஃபான்தான். 1779 மார்ச் 29-இல் காங்கிரஸ் சபை நூலை ஏற்றது. போர்க்காலத் தாள் பஞ்சத்தால், கிடைத்த நீலத்தாளையே மேலட்டையாக இட்டனர். நீலப் புத்தகம் என்ற பெயர் அதனால் வந்தது.

நடையின் அளவு, சுடும் முறை, அணிமாற்றம் எல்லாம் இதில் உண்டு. பொதுநடை நிமிடத்துக்கு 75 அடிவைப்பு, விரைவுநடை 120. இவற்றைவிடப் பாசறைத் தூய்மை பற்றிய பகுதியையே யான் உயர்வாக மதிக்கின்றேன். விலங்கின் கழிவைப் புதைத்தல், படுக்கை வைக்கோலை வெயிலில் உலர்த்துதல், கழிப்பிடத்தைத் தொலைவில் அமைத்தல் முதலியன, வேலி ஃபோர்ஜில் புதையுண்டோர் விட்டுச் சென்ற பாடங்கள் அல்லவா? நோயுற்றோரைப் பேணும் முறைக்கும் தனி இயல் உண்டு.

நூலின் இறுதியில், தளபதி முதல் சிப்பாய் ஈறாக அவரவர் கடமை தனித்தனியே கூறப்படுகிறது. கேப்டன் தன் கீழுள்ள ஒவ்வொருவனையும் பெயராலும் பண்பாலும் அறிந்திருத்தல் வேண்டும். பரிவினால் அவர்தம் அன்பைப் பெறுதலே அவன் முதற்பணி. பிரஷ்யப் பிரம்படியிற் பழகியவர் இவ்வாறு எழுதியது நோக்கத்தக்கது. சிப்பாய், இருட்டிலும் உடுத்திக்கொள்ளப் பழக வேண்டும்; வலப்புறமும் இடப்புறமும் நிற்பவர் பெயர்களை அறிந்திருக்க வேண்டும். அணி சிதறினால் தன் இடத்தை அவன் வேறு எவ்வாறு காண்பான்? எழுத்தறியாச் சிப்பாய்கள் பலர் இருந்தமையால், அதிகாரிகள் கற்று அவர்கட்கு உரைத்தனர். படிப்பித்தவனும் அதனால் தன் கடமையைப் படித்தவனானான்.

1778 ஜூன் 28-இல் மான்மத் களத்தில் இப்படை ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற உறுதியை இந்நூலின் பயன் என்பாரும் உளர். நூல் அச்சானது அதற்குப் பின்னர்; ஆதலின் அது பயிற்சியின் பயனே. 1779 ஜூலையில் ஸ்டோனி பாயிண்ட் கோட்டையை நள்ளிரவிற் தாக்கிய செய்தி வேறு. துப்பாக்கியில் குண்டு இடாமல், முனைக்கத்தியை மட்டும் நம்பிப் பெரும்பாலோர் ஏறினர். கோட்டையுள் முதலிற் பாய்ந்து ஆங்கிலக் கொடியை இறக்கியவர், நூலின் பிரெஞ்சைத் திருத்திய அதே ஃபிளூரி!

1792-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களின் குடிப்படைக்கும் இந்நூலின் முறையையே விதித்தது. 1812-இல் மூண்ட போரின்போதே வேறு நூல்கள் இதன் இடத்தைப் பெற்றன. ஸ்டூபன் 1794-இல் மறைந்தார். தலைப்பில் ‘முதற் பகுதி’ என்று அச்சிட்டிருந்தும், இரண்டாம் பகுதி வெளிவரவேயில்லை.