ஹெல்மெட் இல்லாத கோல்கீப்பர்

நம்ம சேரம்பாடியிலிருந்து வயநாட்டைத் தாண்டி சுரம் இறங்கினா கண்ணூர். 1947-ல் மானுவல் ஃப்ரெட்ரிக் பிறந்த ஊர் அது. ஒலிம்பிக் மெடல் வாங்கின முதல் மலையாளி அவர்தான்.

ஆரம்பத்துல அவர் ஆடினது ஃபுட்பால். ஸ்கூல்ல ஹாக்கி கோல்கீப்பரா மாறி, பிறகு ராணுவத்துல சேர்ந்து பெங்களூர்ல ஆடினார். 1972 மியூனிக் ஒலிம்பிக்ல இந்தியா அரையிறுதியில பாகிஸ்தான்கிட்ட தோத்து, நெதர்லாந்தை 2-1-ன்னு ஜெயிச்சு வெண்கலம் வாங்குச்சு. மறு வருஷம் உலகக் கோப்பையில வெள்ளி. ரெண்டு அணியிலயும் மானுவல் இருந்தார்.

இப்போ மாதிரி ஹெல்மெட்டெல்லாம் அப்போ கிடையாது. ஹாக்கி பந்து சுமார் 160 கிராம், கல்லு மாதிரி இருக்கும். கால்ல பேடு கட்டியிருப்பாங்க, முகத்துக்கு ஒண்ணும் இல்ல. தேவைப்பட்டா நெத்தியைக் கொடுத்தே பந்தைத் தடுப்பார்னு பேர் வாங்கினவர் மானுவல்.

ஆனா கோல் அடிச்சவர் பேருதான் ஸ்கோர்ல ஏறும். தடுத்தவர் கதை நம்ம சர்வர் கதைதான்: ஓடுற வரைக்கும் யாரும் கண்டுக்க மாட்டாங்க, விழுந்தாத்தான் போன் வரும்.

அவருக்கு தயான்சந்த் விருது கிடைச்சது 2019-ல். மெடல் வாங்கி 47 வருஷம் கழிச்சு! அடுத்த மலையாளி மெடல் 2021-ல், டோக்கியோவில். ஜெர்மனிக்கு எதிரா 5-4, கடைசி நொடிகள்ல பெனால்டி கார்னர். அதைத் தடுத்த ஸ்ரீஜேஷும் கோல்கீப்பர்தான். அவருக்குக் கேரள அரசு 2 கோடி ரூபாய் அறிவிச்சது.

மானுவல் 2025 அக்டோபர் 31-ல், பெங்களூர்ல காலமானார். வயசு 78.