மேடை கொடுத்த சபை

சபை என்றதும் மார்கழிக் கச்சேரியும் காப்பியும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஒரு கலையின் தலையெழுத்தையே ஒரு சபை மாற்றியதும் உண்டு.

1927இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் பலனாக 1928இல் பிறந்தது சங்கீத வித்வத் சபை. அதன் காரியதரிசிகளில் ஒருவர் வக்கீல் ஈ. கிருஷ்ணய்யர், சதிர் என்றால் உயிர். பெண் வேஷம் தரித்துத் தாமே ஆடிக் காட்டியவர்.

சதிர் என்றாலே கௌரவமானவர்கள் முகம் சுளித்த காலம் அது. 1931இல் கல்யாணியின் புதல்விகள் இருவரைச் சபை ஆட வைத்தது. வந்த கூட்டம் சொற்பம். மறு வருஷம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கும் கிருஷ்ணய்யருக்கும் பத்திரிகைகளில் பெரிய வாதமே நடந்தது. பெண்களின் வாழ்வு சீரழிவதைக் கண்டு கொதித்த அம்மாளின் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் சபை பின்வாங்கவில்லை. 1933இல் அதே சகோதரிகள் மறுபடி ஆடினார்கள். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதியும் அவ்வருஷமே ஆடினார்.

சதிர், பரதநாட்டியம் ஆயிற்று. பெரிய வீட்டுப் பெண்கள் சலங்கை கட்டிக்கொண்டார்கள். 1947இல் பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சட்டம் ஒழித்தது. தலைமுறை தலைமுறையாய் ஆடிவந்த குடும்பங்களோ மேடையிலிருந்து மெல்ல விலகின. பாலசரஸ்வதிக்குச் சபை ‘சங்கீத கலாநிதி’ பட்டம் அளித்தது 1973இல். நாட்டியக் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை.

கலை பிழைத்தது, அதற்காகச் சபைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அதைக் கட்டிக் காத்த கைகளையும் ரஸிகர்கள் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.