ஓதுதலும் முதாலஆவும்: எமது வாசிப்பு வழக்கங்கள் பற்றிய சில குறிப்புகள்

எங்கட பேச்சுத் தமிழில் எழுத்தைப் பார்த்துச் சொல்வதற்கு மூன்று வினைச்சொற்கள் புழங்குகின்றன. பத்திரிகையை வாசிக்கிறோம், பாடசாலைப் பாடத்தைப் படிக்கிறோம், குர்ஆனை ஓதுகிறோம். மூன்றாவது சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. பின்னேரம் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் ஏழு வயதுப் பிள்ளையும் "ஓதப் போயிருக்கு". அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் இருந்து கிதாபுகளைப் படித்து முடிப்பவரும் "ஓதுறவர்" தான். ஒரே சொல்லாக இருப்பதால் இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துவிட்டோம். இக்கட்டுரை அந்த நினைப்பைப் பற்றியது.

பாடசாலை ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் கூற்று ஒன்று உண்டு: "எங்கட பிள்ளைகள் நல்லா பாடமாக்குவாங்க, ஆனா விளங்க மாட்டாங்க. அது மத்ரஸாவிலருந்து வந்த பழக்கம்." பேச்சுப் போட்டி மேடைகளிலும் இது ஒலிக்கிறது, எம்மவர் சிலர் எழுதிய கல்விக் கட்டுரைகளிலும் உண்டு. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இக்கூற்றில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி எமது சொந்த முதுசத்துக்கு நாம் செய்யும் அநியாயம்.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். குர்ஆன் மத்ரஸாவில் லெப்பையிடம் பிள்ளை கற்பது ஒலியை. ஸபர், ஸேர், பேஷ் குறிகளைக் கூட்டி எழுத்தை மொழிவது, மக்ரஜ் பிழைக்காமல் சொல்வது, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டுவது. பொருள் அங்கே பாடத்தில் இல்லை. அதற்கென அமைந்த முறையும் அல்ல அது, ஓதுவதே இபாதத். அந்த நோக்கத்துக்கு அந்த முறை மிகவும் பொருத்தமானது, அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் வரிவடிவம் முழுவதும் உயிர்க்குறிகள் இட்டிருப்பதால், ஒரு சொல்லும் விளங்காமலே ஒரு ஜுஸ்உவைச் சரியாக ஓதி முடிக்கலாம். விளங்காமல் சரியாகச் சொல்லலாம் என்ற அனுபவம் பிள்ளைக்கு மிகச் சிறு வயதில் கிடைத்துவிடுகிறது.

ஒரு காலத்தில் இதற்கு வீட்டிலேயே ஒரு மாற்று இருந்தது. அரபுத்தமிழைத்தான் சொல்கிறேன். குர்ஆனுக்காகக் கற்ற அதே எழுத்தில் தமிழை வாசிக்க முடிந்த காலம் அது. கீழக்கரையைச் சேர்ந்தவரும் இலங்கையோடு நெருங்கிய தொடர்புடையவருமான இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய 'பத்ஹுத் தய்யான்' என்ற மார்க்கச் சட்ட நூலைப் பாடசாலை வாசலை மிதிக்காத பெண்களும் வாசித்தார்கள். லெப்பையிடம் கற்ற எழுத்து வீட்டில் பொருளாக மாறியது. தொழுகையின் பர்ளு எத்தனை, நோன்பு எதனால் முறியும் என்பதை எழுத்துக் கூட்டி வாசித்து, பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

பின்னர் அச்சுத் தமிழ் வந்தது. அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கினார். 1885இல் 'அஸன்பே சரித்திரம்' வெளியானது. 1892இல் கொழும்பில் மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவாகி, பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரி ஆனது. சமூகம் நவீன கல்விக்குள் நுழைந்தது. அவசியமான மாற்றம்தான். சித்திலெப்பை இல்லாவிட்டால் இந்தச் சஞ்சிகையும் இல்லை, இதை வாசிக்கும் நீங்களும் நானும் இல்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அரபுத்தமிழ் மெல்ல மறைந்தபோது ஒன்று நடந்தது, அதை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அரபு எழுத்து ஒலிக்கு மட்டும் என்றாகிவிட்டது. பொருளோடு வாசிப்பது பாடசாலையின் வேலை என்றானது. பாடசாலையோ பரீட்சையை நோக்கி நடந்தது.

இனி மறந்துபோன பாதி. அரபுக் கல்லூரியில் கிதாபு ஓதும் மாணவர் முன் இருக்கும் பக்கத்தில் ஸபர், ஸேர் எதுவும் கிடையாது. வெறும் மெய்யெழுத்துகள். அரபு தெரிந்தவர்களுக்கு இதன் தாக்கம் உடனே புரியும். ஒரு சொல்லின் கடைசி எழுத்துக்கு எந்த உயிர் என்று முடிவு செய்ய வேண்டுமானால் அது வாக்கியத்தில் எழுவாயா, செயப்படுபொருளா என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வாக்கியம் விளங்க வேண்டும். விளங்காதவருக்கு அந்தப் பக்கத்தைச் சத்தமிட்டு வாசிக்கவே முடியாது. ஹஸ்ரத் முன்னால் மாணவர் இபாரத் வாசிப்பது இதற்காகத்தான். ஓர் உயிர் பிழைத்தால் ஹஸ்ரத் நிறுத்திவிடுவார்: "ஏன் ஸபர் வெச்சீங்க?" அது உச்சரிப்புத் திருத்தம் போலத் தெரிந்தாலும், உண்மையில் விளக்கச் சோதனை.

அந்த இபாரத்துக்கு முந்தைய இரவு நடப்பது முதாலஆ. நாளைய பாடத்தை ஆசிரியரின் உதவியின்றித் தானே பார்த்து, எங்கே விளங்கவில்லை என்று அடையாளம் கண்டுகொள்வது. பாடம் முடிந்த பிறகு நடப்பது தக்ரார். தக்ரார் என்றால் திரும்பச் செய்தல். ஆனால் தெற்காசிய மத்ரஸாக்களில் அது புத்தகத்தைத் திரும்ப வாசிப்பது அல்ல. மாணவர்கள் சிறு வட்டமாக இருந்து, அவர்களில் ஒருவர் ஹஸ்ரத் சொன்னதை முழுவதும் திரும்பச் சொல்ல, மற்றவர்கள் குறுக்கே கேட்டு மடக்குவார்கள். முந்தி முதாலஆ, நடுவில் இபாரத், பிந்தித் தக்ரார். பாடமாக்கும் பழக்கம் மத்ரஸாவிலிருந்து வந்தது என்பவர்கள் இந்த மூன்றையும் பார்த்ததில்லை.

இது தற்செயலாக உருவான வழக்கமும் அல்ல. 'ஹிதாயா' ஆசிரியர் மர்கீனானியின் மாணவரான ஸர்னூஜி, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே 'தஃலீமுல் முதஅல்லிம்' என்ற சிறு நூலில் மாணவருக்கான வாசிப்பு வழிகளை எழுதி வைத்தார். ஹனபி அறிஞர் என்றாலும் ஷாபிஈகளான எமது ஆலிம்களுக்கும் நன்கு அறிமுகமான நூல். அதில் கணக்கு இருக்கிறது. நேற்றைய பாடத்தை ஐந்து தடவை, முந்தநாள் பாடத்தை நான்கு, அதற்கு முந்தியதை மூன்று, பின்னர் இரண்டு, ஒன்று. ஆரம்பத்தில் இரண்டு தடவை திரும்பச் சொன்னால் மனதில் நிற்கும் அளவுக்கு மட்டுமே பாடம் எடுக்க வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்கிறார். விளங்காத எதையும் எழுதிக்கொள்ளாதே என்றும் எச்சரிக்கிறார். அது புத்தியை மழுக்குமாம். அடுத்தவரோடு கொஞ்ச நேரம் கேள்வி பதிலில் ஈடுபடுவது தனியே ஒரு மாதம் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட மேல் என்பது அவர் எடுத்துச் சொல்லும் கருத்து. ஏறத்தாழ அடுத்த தலைமுறையில் எழுதிய ஷாபிஈ அறிஞர் இப்னு ஜமாஆ (1241–1333), பாடம் முடிந்து கலைவதற்கு முன்னரே மாணவர்கள் ஒன்றாக இருந்து அதைப் பேசிப் பார்க்க வேண்டும் என்றார். பேச ஆள் கிடைக்காவிட்டால் தனக்குத்தானே பேசட்டும் என்றார்.

எமது கல்வி வரலாற்றில் மிகக் கூர்மையான விமர்சனம் இப்னு கல்தூனுடையது (1332–1406). அவரது 'முகத்திமா'வை மேற்கோள் காட்டாத கல்விச் சொற்பொழிவு குறைவு. கல்வி பற்றிய அதன் பகுதியை முழுதாக வாசித்தவர்களோ அதைவிடக் குறைவு. அங்கே மொரோக்கோ மாணவர்களைப் பற்றி எழுதுகிறார். மத்ரஸாவில் பதினாறு வருடம் இருக்கிறார்கள். தூனிஸில் ஐந்து வருடம்தான். ஆனாலும் மொரோக்கோ மாணவரிடம் தேர்ச்சி குறைவு. காரணம், அவர்கள் மனனத்துக்கு அளவுக்கு மேல் இடம் கொடுத்துவிட்டு, சபையில் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். பேசியும் விவாதித்தும்தான் அந்தத் திறன் வரும் என்கிறார். அடுத்து அவர் தாக்குவது சுருக்க நூல்களை. பெரிய நூல்களைப் பிழிந்து மனனத்துக்கு வசதியாகச் செய்த கையேடுகள் கற்றலைக் கெடுக்கின்றன, மாணவர் பொருளை விட்டுச் சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டியதாகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. இதை வாசித்தபோது எமது டியூசன் வகுப்பு டியூட்களும் குறுங்குறிப்புப் புத்தகங்களும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. அவர் பரிந்துரைத்தது ஒரே விடயத்தை மூன்று சுற்றில் கற்பது: முதலில் பொதுவான வரைபடம், அடுத்து விரிவும் கருத்து வேறுபாடுகளும், மூன்றாவதில் புதிரானவை எதையும் விடாமல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். பிள்ளைக்கு முதலில் மொழியையும் கவிதையையும் கணக்கையும் கற்பித்து, பிறகு குர்ஆனுக்கு வரவேண்டும், விளங்காததை ஓத வைக்கக் கூடாது என்று செவில்லேயைச் சேர்ந்த காழி அபூபக்ர் இப்னுல் அரபி (சூபி இப்னு அரபி அல்ல) வாதிட்டதை இப்னு கல்தூன் எடுத்துக் காட்டுகிறார். நல்ல வழிதான், ஆனால் வழக்கம் இடம் தராது என்று முடிக்கிறார். பரக்கத்தை நாடிப் பெற்றோர் குர்ஆனிலேயே தொடங்குவார்கள், பிள்ளை பெரிதானால் பிடிக்குள் நிற்காது என்பது அவர் சொன்ன காரணம். ஆக, விளங்காமல் ஓதுவதா என்ற கேள்வி மேற்கத்தேயக் கல்வி கொண்டுவந்தது அல்ல. எங்கட ஆலிம்களே தமக்குள் கேட்டுக்கொண்டது.

மேற்கில் இது விஞ்ஞானமாகப் பின்னால் வந்தது. 'அஸன்பே சரித்திரம்' வெளியான அதே 1885இல், ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைப் பொருளாக வைத்து மறதியை அளந்த நூலை வெளியிட்டார். 1946இல் அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் ராபின்சன், முதலில் மேலோட்டமாகப் பார், கேள்வி எழுப்பு, வாசி, பாராமல் சொல், மீட்டிப் பார் என்ற ஐந்து படிகளை வகுத்தார். இன்றும் ஆசிரியர் பயிற்சியில் அது சொல்லப்படுகிறது. முதாலஆவும் தக்ராரும் தெரிந்தவருக்கு அதில் புதுமை குறைவு. 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பகுதி மாணவர் ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மறுபகுதியினர் ஒரு தடவை வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். அதைவிடச் சுவாரசியம், தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியதும் திரும்ப வாசித்தவர்களே.

ஹிப்ழு மாணவர் இதை நெடுங்காலமாகச் செய்கிறார். இன்றைய சபக், அண்மைய நாட்களின் பாடம், பழைய ஜுஸ்உகளின் சுற்று எனத் தினமும் மூன்றையும் முஸ்ஹபை மூடிவிட்டு உஸ்தாதிடம் ஒப்புவிக்கிறார். அங்கே பொருள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மூடி வைத்துச் சொல்லும் ஒழுங்கு இருக்கிறது. எமது சாதாரண தர மாணவர் மத்ரஸாவிலிருந்து எடுத்துக்கொண்டது சத்தத்தை மட்டும். மூடி வைப்பதை எடுத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்து, வரிக்கு வரி மஞ்சள் நிறம் பூசி, முன்னும் பின்னும் அசைந்து பத்துத் தடவை சொல்கிறார்.

வரலாற்றுப் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம். 1817–1818 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சிக்கு வழமையாகச் சொல்லப்படும் காரணங்களில், ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமை ஆங்கிலேயர் வெல்லஸ்ஸையில் மடிகே முகாந்திரமாக நியமித்ததும் ஒன்று. எங்கட பிள்ளைகள் இதைப் பாடமாக்கி எழுதி, புள்ளியும் பெறுகிறார்கள். முதாலஆ செய்யும் பிள்ளை அந்த வரியில் நின்றுவிடும். மடிகே என்றால் என்ன? தவளம் மாடுகளில் பொதி ஏற்றும் போக்குவரத்துப் பிரிவு. அதில் ஏன் முஸ்லிம்கள்? கண்டி இராச்சியத்துக் குள்ளே உப்பும் பாக்கும் ஏற்றி இறக்கியவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள் என்பதால். நியமனத்தால் யாருடைய அதிகாரம் குறைந்தது? மில்லவ திசாவையுடையது. அப்படியானால் அது முஸ்லிம்கள் மீதான கோபமா, அல்லது 1815 உடன்படிக்கை காப்பதாகச் சொன்ன தலைவர்களின் அதிகாரத்தில் ஆங்கிலேயர் கைவைத்ததன் மீதான கோபமா? நான்கு கேள்விகள். இரண்டுக்குப் பாடநூலில் பதில் கிடைக்காது, ஆசிரியரிடமோ நூலகத்திலோ கேட்க வேண்டும். ஆனால் கேட்ட பிள்ளை அந்த வரியை மறக்காது. இந்த நாட்டில் தன் சமூகத்தைப் பற்றி யாராவது ஒரு வரியைத் தூக்கி முகத்தில் எறியும்போது, அதைத் திருப்பிக் கேட்கவும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

டிசம்பர் விடுமுறையில் பள்ளிவாசல் மேல்மாடியில் மாணவர் வகுப்பு நடத்தும் ஊர்கள் பல. அங்கே இன்னொரு ஆசிரியரைப் பிடித்து இன்னொரு டியூட் கொடுப்பதற்குப் பதிலாக, நான்கு பேரை வட்டமாக இருத்தி, புத்தகத்தை மூடி, ஒரு பிள்ளையைச் சொல்ல வைக்கலாம். அந்த ஊரின் ஹஸ்ரத்துக்கு அது எப்படி நடக்கும் என்று ஏற்கனவே தெரியும். அவரிடம் கேட்டால் போதும். மிச்சத்துக்கு ஸர்னூஜியின் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம்: நேற்று ஐந்து, முந்தநாள் நான்கு, அதற்கு முந்தி மூன்று, இரண்டு, ஒன்று.