அருணாசலத்தின் முன் ஒரு கிறித்தவத் துறவி

தமிழகத்து மலைகள் பெரும்பாலும் தெய்வம் உறையும் இடங்கள். திருவண்ணாமலையில் நிலை வேறு. அங்கே மலையே லிங்கம். 14 கிலோமீட்டர் கிரிவலம் செல்பவர் வலம்வருவது அந்த மலையைத்தான். படைத்தவன் வேறு, படைப்பு வேறு என்பதை அடித்தளமாகக் கொண்ட கிறித்தவத்தில் ஊறிய ஒருவர் இம்மலையின் முன் வந்து நின்றால் என்ன நேரும்? இக்கேள்விக்கு ஒருவரின் வாழ்க்கையே விடையாக நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஆன்றி லெ சோ 1910இல் பிரான்சின் பிரித்தானிக் கடற்கரையில் பிறந்தவர். 1929இல் பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்தவர். 1948இல் இந்தியா வந்த அவர், ஜூல் மொன்ஷானின் என்ற பிரெஞ்சுக் குருவுடன் இணைந்து 1950இல் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில், சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினார். சாந்திவனம் என்று அறியப்படுவது அதுவே. சத், சித், ஆனந்தம் என்ற மூன்றிலும் கிறித்தவத்தின் திரித்துவத்தைக் காண்பது அவ்விருவரின் நோக்கம். காவியுடுத்து, அபிஷிக்தானந்தர் என்ற பெயரையும் லெ சோ ஏற்றார்.

கிறித்தவ நம்பிக்கைக்கு இந்திய உருவம் தருவதே அத்திட்டம். அதைக் குலைத்தது அருணாசலம். 1949 ஜனவரியில் மொன்ஷானினுடன் ரமணரைக் காணச் சென்றார். முதல் தரிசனத்தில் எதிர்பார்த்தது கிட்டவில்லை. ஆசிரமத்தின் வேதபாராயணமே அவரை உள்ளே தொட்டது. 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தார். ஆயினும் 1952 முதல் சில ஆண்டுகள் மீண்டும் மீண்டும் திரும்பிவந்து, மலைக்குகைகளில் மௌனமாகத் தங்கினார். ரமணருக்குக் குருவாக விளங்கிய மலை இவரையும் ஆட்கொண்டது.

இதை இயற்கை ரசனை என்று நாம் சுருக்கிவிடலாகாது. இயற்கையைப் போற்றும் மரபு கிறித்தவத்துக்குப் புதிதன்று. அசிசியின் பிரான்சிஸ் சூரியனைச் சகோதரன் என்றார். 2015இல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழல் குறித்து எழுதிய மடலின் பெயரே அவர் பாடலிலிருந்து எடுக்கப்பட்டதுதான். ஆனால் அங்கே படைப்பு இறைவனைப் புகழ்கிறது. புகழப்படுபவன் அப்பால் இருக்கிறான். அருணாசலக் குகையில் இந்த இடைவெளியே கேள்விக்குள்ளானது. புகழ்பவர் எவர், புகழப்படுபவர் எவர் என்ற அத்வைதத்தின் வினா, வேதவசனங்களை அன்றாடம் பாடி வளர்ந்த துறவியை உலுக்கியது.

மொன்ஷானின் அஞ்சியது இதைத்தான். அத்வைதத்தில் கரைந்துபோகும் திரித்துவம், அன்புசெய்ய எதிரில் எவரும் இல்லாத திரித்துவம் அல்லவா? 1957இல் அவர் இறக்கும்வரை இருவருக்குமிடையே இவ்விலகல் தீரவில்லை. அவ்வச்சம் குறுகிய மனத்தின் அச்சமன்று என்பதற்கு லெ சோவின் நாட்குறிப்புகளே சான்று. திருச்சபையை இழப்பேனோ, கண்டதை மறுப்பேனோ என்று இருபுறமும் அலைக்கழிந்த ஒருவரை அவற்றில் காண்கிறோம்.

அவர் எதையும் விடவில்லை. 1964இல் கங்கோத்ரியில், கங்கைக்கரையில், ரெய்மோன் பணிக்கருடன் திருப்பலி நிறைவேற்றினார். 1968இல் சாந்திவனத்தின் பொறுப்பு பீட் கிரிபித்ஸிடம் சென்றது. இவர் இமயத்தை நாடினார். 1973 ஜூலையில் ரிஷிகேசத்தில் மாரடைப்பு கண்டு, டிசம்பரில் இந்தோரில் மறைந்தார்.

சமயங்களின் ஒற்றுமையை மேடையில் பேசுவது எளிது. ஒரு மலையின் முன் அமர்ந்து, தன் நம்பிக்கையையும் துறக்காமல், மலை காட்டியதையும் மறுக்காமல், இரண்டுக்கும் நடுவே கால்நூற்றாண்டு வாழ்வது எளிதன்று. அவரிடமிருந்து நமக்கு எஞ்சுவது தத்துவ சமரசமன்று, அந்த நேர்மையே.