வாத்து ஏன் விழவில்லை?

பல ஆண்டுகள் பரணில் கிடந்த வீடியோ விளையாட்டுப் பெட்டியையும், நம்மூரில் ‘கேசட்’ என்று அழைக்கப்பட்ட கேட்ரிட்ஜையும் தூசி தட்டி எடுக்கிறோம். எதிலும் பழுதில்லை. இன்றைய எல்.இ.டி. தொலைக்காட்சியில் இணைத்தால் படமும் தெரிகிறது. ஆனால் ‘டக் ஹண்ட்’ விளையாட்டில் எவ்வளவு குறிபார்த்துச் சுட்டாலும் ஒரு வாத்துகூட விழுவதில்லை! காரணம் என்ன?

வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம். விளையாட்டின் நிரலைச் சில்லில் பதித்து, வேண்டும்போது செருகிக் கழற்றும் கேட்ரிட்ஜ் முறை 1976-இல் அமெரிக்காவில் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் ‘சேனல் எஃப்’ பெட்டியுடன் வந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளர்.

1977-இல் வந்த அடாரி பெட்டியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட்டுகளே. முழுப் படத்தைச் சேமிக்க அதில் இடம் ஏது? அன்றைய படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை வரி வரியாகத் திரையை வருடிச் செல்லும். ஒரு வரிக்கு ஆகும் நேரம் சுமார் 63.5 மைக்ரோவிநாடி. கற்றை எந்த வரியில் ஓடுகிறதோ, அந்த வரிக்குரிய உருவை நிரல் அப்போதைக்கப்போது அளித்தது. ஆக, படக்குழாயும் விளையாட்டின் ஓர் உறுப்பே!

நின்டென்டோ நிறுவனம் 1984-இல் ஜப்பானில் வெளியிட்ட ‘டக் ஹண்ட்’டும் இவ்வாறே. அதன் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை; ஒளியை உணர்கிறது. விசையை அழுத்தியதும் திரை கணநேரம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்கட்டமாக மின்னும். துப்பாக்கி அந்த ஒளியைக் குறித்த நேரத்தில் உணர்ந்தால் வாத்து விழும். விநாடிக்கு சுமார் 60 படங்கள் என்பதால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 17 மில்லிவிநாடிக்கும் குறைவு.

புதிய தொலைக்காட்சியில் கற்றை இல்லை. வந்த படத்தைச் சேமித்து, பெரிதாக்கி, பிறகே காட்டுகிறது. வெண்கட்டம் தோன்றுவதற்குள் பெட்டி ‘குறி தவறியது’ என்று முடிவு செய்துவிடும். மேலும், துப்பாக்கியின் மின்சுற்று படக்குழாயின் விரைவான துடிப்பொளிக்கென்றே அமைக்கப்பட்டது. ஆகவே தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ வசதியும் இதற்குப் போதாது.

துப்பாக்கி தேவைப்படாத விளையாட்டுகளுக்கு நல்ல சமிக்ஞை மாற்றிகள் உதவுகின்றன. ஆனால் வாத்து விழ வேண்டுமானால் பழைய படக்குழாயே வேண்டும். கேட்ரிட்ஜை மட்டும் காத்தால் விளையாட்டைக் காத்ததாகுமா? பரணிலுள்ள பழைய தொலைக்காட்சியை எடைக்குப் போடுமுன் சற்றே சிந்தியுங்கள்!