மாரத்தான்: கதையும் வரலாறும்

“மாரத்தான் ஓட்டத்திற்கு அப்பெயர் வந்தது எவ்வாறு?” என்னும் வினா பொது அறிவுப் போட்டிகளில் அடிக்கடி எழுவதாகும். கி.மு. 490-இல் மாரத்தான் என்னும் ஊரருகே கிரேக்கர் பாரசீகரை வென்றனர், அவ்வெற்றியை ஏதென்ஸ் நகருக்கு ஓடிவந்து கூறிய பைடிப்பிடிஸ் என்னும் வீரன் அங்கேயே உயிர்நீத்தான் என விடையிறுப்பீர்கள், மதிப்பெண்ணும் பெறுவீர்கள்.

ஆயினும், அதே நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஹிரோடோட்டஸ் கூறுவது வேறு. போருக்கு முன்னர்த் துணைப்படை வேண்டி, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்பார்ட்டாவுக்கு அவன் ஓடினான் என்பதே அவர் தரும் செய்தி. வெற்றியைக் கூறி மாண்ட நிகழ்ச்சியை அவர் குறிக்கவே இல்லை. அதனை அவன் பெயரோடு இணைத்துக் கூறும் லூசியன், போர் நடந்து 600 ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் எழுதியவர்.

அக்கதையின் நினைவாக ஓட்டப் பந்தயம் ஒன்றை நடத்தலாம் என்று கருத்துரைத்தவர், மிஷேல் பிரேயால் என்னும் பிரெஞ்சு மொழிநூல் அறிஞர். அதன்படி 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் விழாவில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஓட்டம் நடைபெற்றது. கிரேக்கரான ஸ்பிரிடான் லூயிஸ் வாகை சூடினார்.

இன்றைய 42.195 கிலோமீட்டர் அளவும் பழைமையானதன்று. 1908-இல் லண்டன் ஒலிம்பிக் விழாவில், வின்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினரின் இருக்கைக்கு எதிரே முடியுமாறு வகுக்கப்பட்ட பாதையின் நீளமே அது. 1921-இல் அதுவே பொது அளவாக உறுதிசெய்யப்பட்டது.

எனவே, விடை தெரிந்ததும் நின்றுவிடாதீர்கள். அதனை முதலிற் சொன்னவர் யார், நிகழ்ச்சிக்கு எத்தனை ஆண்டுகளுக்குப் பின் சொன்னார் என்றும் கேளுங்கள். வரலாற்றுக் கல்வி அங்கேதான் தொடங்குகிறது.